எஸ்.பி.ஆர். றப்பர் + தும்பு + காமாக் கதிர்: எத்தனை கிலோகிரே, நாரை எப்படிப் பதப்படுத்துவது?

#1 – ஈரநார்

வணக்கம். இயந்திரங்களுக்கு அடியில் வைக்கும் 6 மில்லிமீற்றர் அதிர்வு தாங்கிப் பட்டைகளுக்கு ஒரு கொம்பவுண்ட் (றப்பர்க் கலவை) தயார்படுத்த வேண்டும். அடிப்படை எஸ்.பி.ஆர். 1502 (ஸ்டைரீன்–பியூட்டாடையீன் செயற்கை றப்பர்). அதோடு நூறு பங்கு றப்பருக்கு 20 பங்கு தும்பு (தென்னை நார்), 6 முதல் 10 மில்லிமீற்றர் நீளத்துக்கு வெட்டியது. கந்தகமும் இல்லை, அதை வேகப்படுத்தும் ஆக்சலரேற்றரும் இல்லை. கந்தகத்தால் சூட்டில் இறுக்கி வல்கனைஸ் செய்வதற்குப் பதிலாகப் பியகமவில் உள்ள காமா நிலையத்தில் 150 கிலோகிரே (பொருள் உறிஞ்சும் கதிரின் அளவு) கொடுக்க எண்ணம். ரி.எம்.ரி.டி. போன்ற ஆக்சலரேற்றர்களிலிருந்து வரும் நைட்ரோசமீன் (புற்றுநோய் தரக்கூடிய பொருள்) பிரச்சினை இருக்காது, மேற்பரப்பில் கந்தகம் பூக்காது என்பதுதான் இந்த வழியை எடுக்கக் காரணம்.

கையில் இருப்பவை இரண்டு உருளை மில், 30 தொன் பிரஸ், 120 பாகை வரை போகும் உலர்த்தி. கேட்க வேண்டியவை:

150 கிலோகிரே சரியா? நாரை 5 சதவீதக் கோஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால் போதுமா, சிலேனும் (நாரையும் றப்பரையும் இணைக்கும் சிலிக்கன் சேர்மம்) வேண்டுமா? வேண்டுமென்றால் எஸ்.ஐ.-69 என்ற கந்தகச் சிலேன் பாவிக்கலாமா? றப்பர்ச் சங்கிலிகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்பு எவ்வளவு வந்தது என்று பெரிய கருவி இல்லாமல் எப்படி அளப்பது?

#2 – கதிரளவு

150 வேண்டாம் தம்பி. றப்பருக்கு அது நல்ல எண். நாருக்கு அது கூடாத எண். முழுச் சிக்கலும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

எஸ்.பி.ஆர்., என்.பி.ஆர்., ஈ.பி.டி.எம். என்ற மூன்று செயற்கை றப்பர்களிலும் கதிர் பட்டால் சங்கிலிகளில் சுயாதீன மூலிகங்கள் (தனி இலத்திரனோடு, உடனே வினைபுரியும் நிலையில் இருப்பவை) உண்டாகி, அவை ஒன்றோடொன்று சேர்ந்து நேரடிக் காபன்–காபன் பிணைப்பாகின்றன. கதிர் கூடக் கூடப் பிணைப்பும் கூடும். நாரில் உள்ள செலுலோசில் நடப்பது இதற்கு எதிர். அங்கே குளுக்கோசு அலகுகளைக் கோத்திருக்கும் பிணைப்பு அறுகிறது. சில பத்துக் கிலோகிரேயிலேயே செலுலோசின் சங்கிலி நீளம் செங்குத்தாக விழுந்துவிடும். நாரின் இழுவலிமை அதே வேகத்தில் விழாது, கொஞ்சம் பின்தங்கியே இறங்கும். ஆனால் 100ஐத் தாண்டினால் நார் வளைத்தால் முறியும் நிலைக்குப் போகத் தொடங்கும். ஒரு பொருள் இறுகும் அளவில் மற்றது நொருங்குகிறது. ஆகவே றப்பருக்குத் தேவையான கதிரளவைக் கீழே இறக்குவதுதான் வேலை. நாரை மேலே தூக்க வழி இல்லை.

இறக்குவதற்குப் பல்செயற் கூட்டு மொனோமர் (பல இடங்களில் பிணையக்கூடிய சிறு மூலக்கூறு) ஒன்று வேண்டும். ரி.எம்.பி.ரி.ஏ. அல்லது ரி.ஏ.ஐ.சி., நூறு பங்குக்கு 3 முதல் 5 பங்கு. அதைப் போட்டு 50 முதல் 75 கிலோகிரே வரை மட்டும் முயலுங்கள். எஸ்.பி.ஆரில் உள்ள ஸ்டைரீன் வளையம் கதிரின் சக்தியை வாங்கிச் சிதறடிப்பதால், தனிப் பொலிபியூட்டாடையீனை விட எஸ்.பி.ஆர். மந்தமாகவே பிணையும். கூட்டு மொனோமர் இல்லாமல் அதை இழுத்துப் பிடிப்பது கடினம்.

இன்னும் இரண்டு விடயம். வாசனைவளைய (அரோமற்றிக்) எண்ணெய் போடாதீர்கள், மூலிகங்களைத் தின்றுவிடும். ஒட்சியேற்ற எதிரியைப் பழக்கத்தில் 2 பங்கு போடுவது போலப் போடாதீர்கள். ரி.எம்.கியூ. வகை அரைப் பங்கு போதும். 6பி.பி.டி. வகை இந்தக் கொம்பவுண்டுக்கு ஆகாது. வழிமாறி பியூட்டைல் றப்பரில் இதைச் செய்து பார்க்க யாராவது நினைத்தால், அது கதிரில் இறுகாது, சங்கிலி அறுந்து இளகிப்போகும்.

#3 – தும்பறை

கதிரளவு அண்ணை சொன்னதுக்கு மேல் ஒரு விடயம். தும்பில் லிக்னின் (நாரை விறைப்பாக்கும் மரப்பொருள்) 40 சதவீதம் மட்டில் இருக்கு. சிசல் கற்றாழை நாரில ஏறத்தாழ 10. லிக்னின் பீனோலிக் பொருள், தானே ஒரு ஒட்சியேற்ற எதிரி. அதனால தும்பு கதிரை மற்ற நார்களை விடக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனா அதே லிக்னின் நாரும் றப்பரும் தொடுற இடத்தில மூலிகங்களைப் பிடிச்சு வைச்சுக்கொள்ளும். பிணைப்பு வர வேண்டிய இடத்திலதான் குறைவா வரும். காரத்தில ஊறவைக்கிறது வெறும் அழுக்கு எடுக்கிறதுக்கு இல்லை, மேற்பரப்பில இருக்கிற லிக்னினையும் மெழுகையும் குறைக்கிறதுக்கும்தான்.

வேலைமுறை இது.

மெத்தைத் தும்பு எடுத்தால் முதல்ல நல்லா உதறி அரியுங்கோ. அதுக்குள்ள இருக்கிற கபிலத் தூள் நார் இல்லை, பஞ்சு மாதிரி நீரை வைச்சிருக்கும். அது உள்ளே போனால் ஒவ்வொரு துகளும் றப்பரில ஒரு ஓட்டை. பிறகு 60 பாகை வெந்நீரில இரண்டு தரம் கழுவுங்கோ. கடலோரக் களப்பில ஊறவைச்ச மட்டையிலிருந்து வந்த நார் என்றால் மூன்று தரம், உப்பு போக வேணும்.

1 கிலோ உலர்ந்த நாருக்கு 20 லீற்றர் தண்ணீர், 1 கிலோ கோஸ்டிக் சோடா. தண்ணீருக்குள்ள சோடாவைச் சிறிது சிறிதாகப் போடுங்கோ, ஒருநாளும் மாறிச் செய்யக் கூடாது. அலுமினியப் பாத்திரம் வேண்டாம், ஐதரசன் கிளம்பும். பிளாஸ்ரிக் பீப்பா அல்லது துருப்பிடிக்காத உருக்கு. கண்ணாடி, நீளக் கையுறை கட்டாயம். கரைசல் ஆறின பிறகு நாரை அமிழ்த்தி, இடையிடையே கிளறி, 2 மணித்தியாலம். தண்ணி தேத்தண்ணி நிறத்துக்கு வரும். 4 மணித்தியாலத்துக்கு மேல விடாதேங்கோ. 10 சதவீதத்துக்கும் போகாதேங்கோ, நாரின் உள்ளே இருக்கிற பிணைப்பும் கரைஞ்சு நார் மெலியும்.

சரியா நடந்திருந்தா நுணுக்குக்காட்டியில தெரியும். பதப்படுத்தாத தும்பின் மேல் வழுவழுப்பான தோல், அதில வரிசை வரிசையாச் சின்னக் குமிழ்கள். பதப்படுத்தினதில அந்தக் குமிழ் இருந்த இடமெல்லாம் குழி, மேற்பரப்பு சொரசொரப்பு. றப்பர் பிடிக்கிறது அந்தக் குழியிலதான்.

கழுவுறதில அவசரப்படாதேங்கோ. ஓடுற தண்ணியில கழுவி, கடைசியா 1 சதவீத அசற்றிக் அமிலத்தில 10 நிமிஷம், திரும்பச் சுத்தத் தண்ணி. பீ.எச். தாள் 7 காட்ட வேணும். காரம் மிச்சமிருந்தா அடுத்து வாற சிலேன் நாரில ஒட்டுறதுக்கு முதலே தன்னோட தான் சேர்ந்து தயிர் மாதிரிக் கட்டிப்போகும்.

உலர்த்துறது 80 பாகையில 8 மணித்தியாலம், கடைசி 2 மணித்தியாலம் 105 பாகை. ஈரப்பதன் 2 சதவீதத்துக்குக் கீழே வர வேணும். சூட்டோட தடிப்பான பொலித்தீன் பையில சிலிக்கா ஜெல்லோட அடைச்சுவிடுங்கோ. கொழும்புக் காற்றில திறந்து வைச்சா ஒரு இரவிலேயே 10 சதவீதத்துக்குக் கிட்டப் போயிடும். இவ்வளவு வேலையும் வீண்.

#4 – மில்_உருளை

எஸ்.ஐ.-69 இந்த வழிக்கு வேண்டாம். அதன் நடுவில் உள்ள கந்தகச் சங்கிலி கந்தக வல்கனைசேஷனில்தான் றப்பரோடு பிணையும். கதிரில் அதற்கு வேலை இல்லை, சும்மா இருந்து மூலிகங்களைப் பிடிக்கும். இரட்டைப் பிணைப்பு உள்ள சிலேன் எடுங்கள்: வினைல்ட்ரைஎத்தொக்சி சிலேன், அல்லது மெதக்ரிலொக்சி புரொப்பைல் வகை. ஒரு கை நாரின் ஐதரொட்சைலைப் பிடிக்கும், மற்றக் கை கதிர் படும்போது றப்பரின் மூலிகத்தோடு சேரும். மெத்தொக்சி வகையை விட எத்தொக்சி நல்லது. மெத்தொக்சியில் வெளிவருவது மெதனோல், மூடிய அறையில் அது நல்லதல்ல.

அளவு: 1 கிலோ நாருக்கு 30 கிராம் சிலேன். எத்தனோல் 90, தண்ணீர் 10 என்ற கலவையில் அசற்றிக் அமிலம் விட்டு பீ.எச்.சை 4 முதல் 4.5க்குள் கொண்டுவந்து, சிலேனைச் சேர்த்து 1 மணித்தியாலம் கலக்குங்கள். கரைசல் தெளிவாக இருக்க வேண்டும். பால்போல் கலங்கினால் அது ஏற்கெனவே கெட்டுவிட்டது, ஊற்றிவிடுங்கள். பிறகு நாரைப் போட்டு 1 முதல் 2 மணித்தியாலம், வடித்து, எத்தனோல் மணம் போகும்வரை காற்றில், அதன்பின் 110 பாகையில் 2 மணித்தியாலம். எத்தனோல் ஆவி இருக்கும்போது உலர்த்தியில் வைக்கவே கூடாது.

வெற்றியா என்று பார்க்க ஒரு கிள்ளு நாரைத் தண்ணீரில் போடுங்கள். காரம் மட்டும் பட்ட நார் சில வினாடியில் நனைந்து தாழும். சிலேன் பிடித்த நார் வெகுநேரம் மிதக்கும்.

ரெசோர்சினோல், ஹெக்சா, சிலிக்கா கூட்டு ஒட்டுமுறை பற்றி யாராவது சொல்லக்கூடும். கந்தகத்தில் அது அருமையான முறை. கதிரில் வேண்டாம். ரெசோர்சினோல் ஒரு பீனோல், லிக்னின் செய்யும் அதே கெடுதலை இன்னும் பலமாகச் செய்யும்.

இனிக் கொம்பவுண்ட். எஸ்.பி.ஆர். 1502 100, பதப்படுத்திய தும்பு 20, மலீயிக் அன்ஐதரைட்டு ஏற்றிய திரவப் பொலிபியூட்டாடையீன் 5, ரி.எம்.பி.ரி.ஏ. 4, அதை உறிஞ்ச வீழ்படிவுச் சிலிக்கா 4, ரி.எம்.கியூ. 0.5. துத்தநாக ஒட்சைட்டும் ஸ்ரியரிக் அமிலமும் தேவையில்லை, அவை கந்தகத்துக்கான துணைகள். எண்ணெயும் வேண்டாம், திரவப் பொலிபியூட்டாடையீனே மிருதுவாக்கும், கதிரில் தானும் பிணைந்துவிடும்.

மில் உருளை 50 பாகை. றப்பர் 3 நிமிடம் தனியே சுற்றிப் பட்டையாகட்டும். ரி.எம்.கியூ., திரவப் பொலிபியூட்டாடையீன். பிறகு நார், கைப்பிடி கைப்பிடியாக, உருளையின் முழு அகலத்துக்கும் தூவி. ஒரே இடத்தில் கொட்டினால் முடிச்சு விழும், அந்த முடிச்சு பின்னர் அவிழாது. ரி.எம்.பி.ரி.ஏ.வைத் திரவமாக விட்டால் பட்டை உருளையில் வழுக்கும். முன்கூட்டியே சிலிக்காவில் கலந்து பொடியாக்கி, கடைசியில். உருளை 70 பாகையைத் தாண்ட விடாதீர்கள். அது தோலுக்கு ஒவ்வாமை தரும் பொருள், நைட்ரைல் கையுறை போடுங்கள், பொடியையும் கலவையையும் வெயிலில் வைக்காதீர்கள்.

உள்கலப்பான் (மூடிய கலக்கும் இயந்திரம்) இருந்தாலும் நாரை அதில் போட வேண்டாம். 10 மில்லிமீற்றரில் போனது 2, 3 மில்லிமீற்றராக வெளியே வரும். தும்பின் விட்டம் 0.2 முதல் 0.3 மில்லிமீற்றர். நீளம் விட்டத்தைப்போல் 20 மடங்காவது இல்லாவிட்டால் அது நார் அல்ல, கரடுமுரடான நிரப்பி.

#5 – மில்_உருளை

தொடர்ச்சி. திசை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

கலந்து முடிந்ததும் இடைவெளியை 1.5 மில்லிமீற்றருக்கு இறுக்கி, மடிக்காமல் சுழற்றாமல் ஒரே திசையில் 6, 8 தடவை விடுங்கள். நார் பெரும்பாலும் ஓட்டத் திசைக்குத் திரும்பும். வெளியே வந்த உடனேயே சோக்கால் அம்புக்குறி போடுங்கள். அதிர்வுப் பட்டைக்கு நார் இரண்டு திசையிலும் வேண்டும் என்றால் ஷீட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்று 90 பாகை திருப்பி அடுக்கலாம். அமுக்கப்படும் பட்டை பக்கவாட்டில் பிதுங்குவதைத் தடுக்க இந்தக் குறுக்கு அடுக்கு நன்றாக உதவும்.

கதிர் வழியில் மோல்டில் எதுவும் பிணைவதில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். மோல்ட் தருவது உருவம் மட்டுமே. 110 பாகையில் 6 நிமிடம் அமுக்கி, அமுக்கத்தை விடாமல் 40 பாகைக்கு ஆற்றி எடுக்க வேண்டும். சூட்டில் திறந்தால் ஷீட் ஓட்டத் திசையில் சுருங்கி, தடித்து, ஓரம் நெளியும். எடுத்த பிறகும் அது பச்சை றப்பர்தான். செங்குத்தாக நிறுத்தினால் இறங்கும், ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் ஒட்டும். இரண்டு பக்கமும் பொலியெஸ்ரர்ப் படலம் வைத்து, அலுமினியத் தட்டில் தட்டையாக அனுப்புங்கள்.

#6 – ஈரநார்

மிக்க நன்றி அண்ணைமார். பொதி செய்வது எப்படி? சாதாரண அட்டைப்பெட்டி போதுமா? இன்னொன்று, வாடிக்கையாளர் ஒருவர் “கதிர் பட்ட பட்டை கதிர் வீசுமா” என்று கேட்கிறார்.

#7 – கதிரளவு

வீசாது. கோபால்ட்-60 தரும் காமாவின் சக்தி 1.17, 1.33 மெகா இலத்திரன் வோல்ட். அணுக்கருவைக் கதிரியக்கமாக்க அது போதாது. மருத்துவ ஊசிகளும் கையுறைகளும் இதே முறையில் 25 கிலோகிரே வாங்கித்தான் கிருமி நீங்கி வருகின்றன. அதைச் சொல்லுங்கள், விளங்கிக்கொள்வார்.

பொதி செய்வதில்தான் மேற்பரப்பின் தலைவிதி இருக்கிறது. காமா மெதுவான கதிர். மணித்தியாலத்துக்கு 5 கிலோகிரே கிடைக்கிறது என்று வையுங்கள், 60 கிலோகிரேக்கு 12 மணித்தியாலம். அவ்வளவு நேரமும் காற்றின் ஒட்சிசன் றப்பருக்குள் ஊறும். வந்த ஒட்சிசன் மூலிகத்தைப் பிடித்துப் பெரொட்சைட்டாக்கி, பிணைய வேண்டிய சங்கிலியை அறுக்கும். விளைவு, உள்ளே இறுகிய றப்பர், வெளியே பிசுபிசுத்த தோல். 6 மில்லிமீற்றர்ப் பட்டையில் அது தோலோடு நிற்கும். 1 மில்லிமீற்றர் ஷீட்டில் முழுத் தடிப்பும் கெடலாம். இலத்திரன் கற்றையில் அதே அளவு சில வினாடிகளில் கிடைப்பதால் ஒட்சிசனுக்கு அவகாசம் இல்லை. ஆனால் அங்கே வேறு தொல்லை: 1 கிலோகிரே என்றால் கிராமுக்கு 1 யூல் வெப்பம். றப்பரின் தன்வெப்பம் கிராமுக்குப் பாகைக்கு ஏறத்தாழ 1.9 யூல். அப்படியானால் 100 கிலோகிரேயை ஒரே ஓட்டத்தில் கொடுத்தால் 50 பாகை ஏறும். காமாவில் அந்த வெப்பம் தானாகவே வெளியேறிவிடும்.

ஆகவே அலுமினியத் தகடு கலந்த பை, நைதரசன் ஊதி, வெற்றிடமாக்கி, வெப்பத்தால் ஒட்டுங்கள். வெறும் பொலித்தீன் போதாது, ஒட்சிசன் அதனூடே நுழையும்.

பெட்டியை நிரப்பாதீர்கள். மருத்துவப் பொருட்களின் பெட்டி இலேசானது, உங்கள் றப்பர் தண்ணீரைவிடச் சற்றே கனமானது. கட்டியாக அடுக்கினால் வெளிப் பட்டைகள் 80 வாங்கும்போது நடுப் பட்டைகள் 50 வாங்கும். இடையில் இலேசான நுரைத் தகடு வைத்து, மெல்லிய அடுக்காக, எல்லாப் பட்டையும் மூலத்துக்கு முகம் காட்டும்படி வையுங்கள். நிலையத்தாரிடம் அதிகுறை விகிதத்தை (பெட்டிக்குள் மிகக் கூடிய கதிரளவை மிகக் குறைந்ததால் பிரித்தது) கேளுங்கள். 1.3க்குள் வந்தால் நல்லது.

கதிரை அளக்கும் அளவுமானி பற்றியும் கேளுங்கள். சிவப்புப் பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்ரிக் அளவுமானி 5 முதல் 50 கிலோகிரே வரைதான் நம்பகம். நீங்கள் 60, 75 கேட்டால் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் புதியது வைத்துக் கூட்ட வேண்டும், அல்லது அலனீன் அளவுமானி வைக்க வேண்டும். கோபால்ட்-60 அரைவாழ்வு 5.27 ஆண்டு, மூலத்தின் பலம் ஆண்டுக்கு 12 சதவீதம் மட்டில் குறையும். சென்ற வருடம் எடுத்த நேரத்தை வைத்து இவ்வருடம் கணக்குப் போட வேண்டாம். நேரத்தைக் கேட்காதீர்கள், அளவைக் கேளுங்கள்.

கதிர் முடிந்து வந்ததும் பையைத் திறக்காதீர்கள். செலுலோசின் பளிங்குப் பகுதியில் சிக்கிய மூலிகங்கள் நாட்கணக்கில் உயிரோடு இருக்கும். பை மூடியபடியே 80 பாகையில் 3 மணித்தியாலம் வைத்தால் அவை அடங்கிவிடும். திறந்த பிறகு காற்றில் மெல்ல மெல்ல நார் பலமிழப்பது பெருமளவு குறையும்.

#8 – தெஹிவளை_லாப்

அளவிடுவது பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. தொலுயீன், நாலு தசமத் தராசு, உலர்த்தி, இவை போதும்.

0.5 கிராம் துண்டு ஒன்றை வெட்டி, நிறுத்து, மெல்லிய உருக்கு வலைப் பையில் வைத்து தொலுயீனில் 72 மணித்தியாலம். 24ஆவது மணித்தியாலத்தில் தொலுயீனை மாற்றுங்கள். பிறகு எடுத்து, 70 பாகையில் நிறை மாறாமல் வரும்வரை உலர்த்துங்கள். மிஞ்சியதை ஆரம்ப நிறையால் பிரித்தால் ஜெல் அளவு (பிணைந்து கரையாமல் நிற்கும் றப்பரின் பங்கு) என்று பலர் எழுதிவிடுகிறார்கள். நார்க் கொம்பவுண்டுக்கு அது பிழை. நாரும் சிலிக்காவும் தொலுயீனில் கரையா. கதிரே படாத துண்டும் “ஜெல்” காட்டும்.

மில்_உருளை தந்த கலவையின் மொத்தம் 133.5. அதில் நார் 20, சிலிக்கா 4, சேர்த்து 24. அதாவது நிறையில் 18 சதவீதம். 1.000 கிராமில் 0.850 மிஞ்சினால், அதிலிருந்து 0.180ஐக் கழியுங்கள், 0.670. றப்பர்ப் பகுதி 0.820. உண்மையான ஜெல் 0.670 ÷ 0.820, ஏறத்தாழ 82 சதவீதம். 85 என்று அறிக்கையில் எழுதினால் ஒவ்வொரு கதிரளவிலும் சிறு பொய் சேர்ந்துகொண்டே போகும். குறைந்த கதிரளவில் அந்தப் பொய் மிகப் பெரிது.

வீக்கத்தில் இன்னொரு சோதனை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. 2 மில்லிமீற்றர் ஷீட்டிலிருந்து 20 மில்லிமீற்றர் வட்டம் ஒன்றை வெட்டி, அம்புக்குறியைக் குறித்து, தொலுயீனில் விடுங்கள். நார் நன்றாகப் பிடித்திருந்தால் வட்டம் நீள்வட்டமாகும். நார்த் திசையில் கொஞ்சமே வளரும், குறுக்கே நிறைய வளரும். நாரும் றப்பரும் ஒட்டவில்லை என்றால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக வீங்கி, வட்டம் பெரிய வட்டமாகவே நிற்கும். இழுவைப் பொறி இல்லாத இடத்தில் ஒட்டுதலைப் பார்க்க இதைவிட நேரடியான வழி கிடையாது. சிலேன் போட்டது, போடாதது இரண்டையும் ஒரே கிண்ணத்தில் விட்டுப் பாருங்கள்.

இழுவைச் சோதனைக்கு ஐ.எஸ்.ஓ. 37 டம்பெல் வடிவத் துண்டுகள், நெடுக்கே ஐந்து, குறுக்கே ஐந்து. உடைந்த முகத்தைக் கைக்கண்ணாடியில் பாருங்கள். வெறும் ஓட்டைகளும் சுத்தமாக உருவி வந்த நார்களும் தெரிந்தால் ஒட்டவில்லை. நார் முனையில் றப்பர் ஒட்டிக்கொண்டிருந்தால் நன்று. நார்கள் மேற்பரப்போடு சமமாக, நொருங்கியதுபோல் முறிந்திருந்தால் கதிர் மிஞ்சிவிட்டது.

அதிர்வுப் பட்டை என்பதால் ஐ.எஸ்.ஓ. 815 அமுக்கத் தங்கலை (அமுக்கி விட்டபின் மீளாமல் நிற்கும் தடிப்பு இழப்பு) கட்டாயம் எடுங்கள், 25 சதவீத அமுக்கம், 70 பாகை, 22 மணித்தியாலம். காபன்–காபன் பிணைப்பு இந்தச் சோதனையில்தான் கந்தகத்தை விட நன்றாக நிற்கும்.

#9 – ஈரநார்

அக்கா, அந்த வட்டச் சோதனை அருமை. இரண்டு கேள்விகள். 20 பங்குக்குக் கீழே, 5, 10 பங்கில் நார் போட்டால் பலம் குறையும் என்று பல இடத்தில் படித்தேன், உண்மையா? மற்றது, பச்சை ஷீட் வளைந்து தொல்லை தருவதைத் தவிர்க்க, பிரஸ்ஸிலேயே கொஞ்சம் பெரொட்சைட்டால் அரைகுறையாக இறுக்கிவிட்டு மிச்சத்தைக் கதிரில் முடிக்கலாமா?

#10 – தெஹிவளை_லாப்

குறைந்த நாரில் பலம் குறைவது இயற்கை றப்பரில் உண்மை. இயற்கை றப்பர் இழுபடும்போது தானே பளிங்காகி வலுப்பெறும். கொஞ்ச நார் அந்த ஒழுங்கைக் குலைக்கும், தன் பங்குக்கு அதை ஈடுசெய்யும் அளவு அது இல்லை. அதனால் முதலில் இறங்கிப் பிறகு ஏறும். எஸ்.பி.ஆருக்கு அந்தப் பளிங்காகும் குணமே இல்லை. நிரப்பியற்ற எஸ்.பி.ஆர். இழுத்தால் 2, 3 மெகாபஸ்கலிலேயே அறுந்துவிடும். அங்கே நன்றாக ஒட்டிய நாரால் இழக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. இயற்கை றப்பருக்கு எழுதியதை இதற்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

#11 – மில்_உருளை

பெரொட்சைட்டு வழியைச் செய்யலாம், நான் சொல்வதானால் உங்கள் பட்டைக்கு அதுதான் நல்ல வழி. டைகியூமைல் பெரொட்சைட்டு 40 சதவீதத் தரம் 1 பங்கு, 160 பாகை, 20 நிமிடம். 30 முதல் 40 கிலோகிரே மட்டும் பிறகு. நாருக்கு மிகப் பெரிய ஆறுதல்.

ஆனால் சிலவற்றை மாற்ற வேண்டும். சிலிக்காவின் அமில மேற்பரப்பு பெரொட்சைட்டை மூலிகம் தராமலே சிதைத்துவிடும். ரி.எம்.பி.ரி.ஏ.வை உறிஞ்சவைக்க வீழ்படிவுக் கல்சியம் காபனேற்றுக்கு மாறுங்கள். சிலிக்காவை விட அது குறைவாகவே உறிஞ்சும், அதனால் 8 பங்கு வரை தேவைப்படலாம். அக்காவின் கணக்கில் அதையும் திருத்துங்கள். நாரில் மிச்சம் நிற்கும் அசற்றிக் அமிலமும் அதே கெடுதலைச் செய்யும், தும்பறை சொன்ன பீ.எச். 7 இங்கே இன்னும் முக்கியம். ரி.எம்.பி.ரி.ஏ. 160 பாகையில் பெரொட்சைட்டோடு மிக வேகமாகப் பிணைந்துகொள்ளும், மோல்ட் நிரம்பும் முன்பே கட்டியாகும். இந்தக் கலப்பு வழிக்கு ரி.ஏ.ஐ.சி. நிதானமானது.

110 பாகையில் அடங்கியிருந்த ஈரம் 160இல் நீராவியாகும். அமுக்கத்தைத் திறந்ததும் பட்டை பணியாரம்போல் உப்பும். நார் 2 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும், முதல் ஒரு நிமிடத்துக்குள் மோல்டை மூன்று, நாலு தரம் சற்றே திறந்து மூடிக் காற்று விடுங்கள். கலந்த கொம்பவுண்டை அன்றே மோல்ட் செய்யுங்கள். மறுநாளைக்கு வைத்தால் திரும்ப ஈரம் குடிக்கும்.

#12 – ரம்பொட_றோட்

இடையில் புகுந்து கேட்கிறேன். றப்பர் விளையும் நாட்டில் இருந்துகொண்டு ஏன் செயற்கை றப்பர்? அகலவத்தையில் றப்பர் ஆராய்ச்சி நிறுவகமே இருக்கிறதே.

#13 – கதிரளவு

நியாயமான கேள்வி. இயற்கை றப்பர் உலர் நிலையில் கதிரில் பிணைய எஸ்.பி.ஆரைப் போலவே நிறைய அளவு கேட்கும், நாருக்கு அங்கும் அதே கதிதான். அதைவிடப் பால் நிலையில் செய்வதே அதன் பலம்: நோர்மல் பியூட்டைல் அக்ரிலேற்று 5 பங்கு விட்டால் 12 முதல் 15 கிலோகிரேயிலேயே றப்பர்ப் பால் வல்கனைஸ் ஆகிவிடும். தும்பின் மேல் அந்தப் பாலைத் தெளித்து மெத்தை செய்தால் நார் துளியும் கெடாது. அது வேறு பொருள், தனி உரையாடல் தொடங்க வேண்டிய விடயம். எண்ணெய் சொட்டும் இயந்திரத்தின் கீழ் என்.பி.ஆர்., வெயிலில் கூரையில் ஈ.பி.டி.எம்., அங்கே இயற்கை றப்பர் நிலைக்காது.

#14 – தும்பறை

நார் வகை பற்றி ஒரு சொல். பலர் சிசல் பலமானது, தும்பு பலவீனம் என்று சொல்லிச் சிசலுக்கு ஓடுவினம். தும்பின் இழுவலிமை 130 முதல் 220 மெகாபஸ்கல் மட்டில், சிசல் அதன் மூன்று மடங்கு. ஆனா உங்கட றப்பரின் விறைப்பு சில மெகாபஸ்கல், தும்பின் விறைப்பு 4 முதல் 6 கிகாபஸ்கல். ஆயிரம் மடங்கு. இந்த இடைவெளியில நார் இன்னும் விறைப்பா இருந்து ஆகப்போறது ஒண்டும் இல்லை. தடை ஒட்டுதலிலயும் நீளத்திலயும்தான். தும்பு 15 சதவீதத்துக்கு மேல நீண்டுகொடுக்கும், அதிர்வு வாங்குற பட்டைக்கு அந்தக் குணம் வேணும். வாழை நார் மெல்லியது, பரப்புக் கூட, ஒட்டுதல் நல்லம். ஆனா லிக்னின் குறைவு, செலுலோசு கூட. கதிரில முதல் அடிபடுறது அதுதான். வாழை எண்டால் 40 கிலோகிரேக்கு மேல போகாதேங்கோ.

நாரை முதலே கதிர் காட்டி அக்ரிலிக் ஒட்டுற முறையும் இருக்கு: காற்றில 10, 20 கிலோகிரே, பிறகு 65 பாகையில கிளிசிடைல் மெதக்ரிலேற்று. வேலை செய்யும். ஆனா நாரை மைனஸ் குளிரில வைச்சிருக்க வேணும், வீணாப்போற பல்பகுதியத்தை அசற்றோனில கழுவ வேணும். உங்கட அளவு வேலைக்குச் சிலேனே போதும்.

#15 – கதிரளவு

முதல் தொகுதிக்கு இப்படி அனுப்புங்கள். 0, 25, 50, 75, 100 என்று ஐந்து அளவு. ஒவ்வோர் அளவுக்கும் ஒரே பெட்டியில் மூன்று பை: நார்க் கொம்பவுண்ட் ஷீட், நார் இல்லாத அதே கொம்பவுண்ட், வெறும் பதப்படுத்திய நார் ஒரு கட்டு. மூன்றாவது பையை விட்டுவிடாதீர்கள். 75இல் பட்டையின் பலம் விழுந்தால், காரணம் றப்பர் மிகைப்பட இறுகியதா நார் முறிந்ததா என்று சொல்லக்கூடியது அந்தக் கட்டு மட்டும்தான். பைகளின் வெளியே வெப்பத்தில் அழியாத மையில் அளவையும் திசையையும் எழுதுங்கள். தாள் லேபிள் பெரும்பாலும் மஞ்சளாகிப் பசை விட்டுவிடும்.

#16 – ஈரநார்

கலப்பு வழியையும் முழுக் கதிர் வழியையும் இரண்டு தொகுதியாகப் போடுகிறேன். கலப்புத் தொகுதிக்கு அளவுகள் 0, 20, 40, 60 போதுமா? பட்டையின் வெட்டிய ஓரத்தில் நார் முனைகள் வெளியே தெரிகின்றன, அதன் வழியே தண்ணீர் ஏறுமா?

#17 – மில்_உருளை

அளவுகள் போதும். தண்ணீர் ஏறும், சிலேன் இருந்தாலும் வெட்டிய முனை திறந்த குழாய்தான். பட்டையை வெட்டி எடுக்காமல், இறுதி அளவிலேயே மோல்ட் செய்யுங்கள், ஓரத்தில் நாரற்ற கொம்பவுண்ட் 3 மில்லிமீற்றர்க் கீற்று ஒன்றை முதலில் மோல்டைச் சுற்றி வைத்துவிட்டு நடுவே நார் ஷீட்டை அடுக்குங்கள். 160 பாகையில் இரண்டும் ஒன்றாகிவிடும். சரிபார்க்க ஒரு பட்டையை 24 மணித்தியாலம் தண்ணீரில் போட்டு நிறுத்துப் பாருங்கள், ஓரம் அடைத்தது, அடைக்காதது இரண்டையும் பக்கத்தில் வைத்து.